வானொலியின் ‘தரம்’: யாருடைய காது?

‘இன்னுமா ரேடியோ பத்தி எழுதிக்கிட்டு இருக்கீங்க தோழர்? அத யாரு கேக்குறா?’ என்றார் ஒரு மாணவத் தோழர். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கானா பாடுகிற பையன் மொட்டை மாடியில் நின்று பாடி, செல்போனில் பிடித்து யூடியூப்பில் ஏற்றிவிட்டால் ஒரே ராத்திரியில் ஊரே கேட்கிறது. எந்த நிலைய இயக்குநரின் கையெழுத்தும் அவனுக்குத் தேவையில்லை.

ஆனால் சென்னை வானொலி நிலையம் இன்னமும் மயிலாப்பூர் காமராசர் சாலையில், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் கட்டடம், ஒலிப்பதிவுக் கூடம், மின்சாரம், வித்வானுக்குக் கொடுக்கும் சன்மானம் அத்தனையும் பொதுப்பணம். தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிற சேரிக்காரியின் காசு அதில் இருக்கிறது. தனியார் எஃப்.எம்.காரன் எந்தப் பாட்டைப் போடுகிறான் என்பது அவன் லாபக் கணக்கு. பொது வானொலி எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பது இந்த அரசு எவரைக் கலைஞர் என்று ஒப்புக்கொள்கிறது, எவரை வெறும் சத்தம் என்று தள்ளுகிறது என்பதைப் பற்றியது. நமக்கு வழக்கு அங்கேதான்.

நான் பிறந்து வளர்ந்தது மந்தைவெளிப் பக்கம். மயிலாப்பூர் என்றால் உங்களுக்குக் கபாலி கோயில், மாடவீதி, மார்கழி, சபா கேன்டீன் ஞாபகம் வரலாம். அதே மயிலாப்பூரில் கைலாசபுரம் சுடுகாடும் இருக்கிறது. தி.நகர் என்றால் வாணி மகாலும் கிருஷ்ண கான சபாவும் மட்டுமா? கண்ணம்மாபேட்டை சுடுகாடும் தி.நகர்தான். இந்த இரண்டு சுடுகாட்டுக்கும் போகிற தெருக்களில் ஒலித்த இசை ஒன்று உண்டு. முன்னால் பறை, பின்னால் பூப்பல்லக்கு. முந்தின நாள் ராத்திரி முழுக்கப் பிணத்தின் தலைமாட்டில் மரண கானா. எனக்குச் சித்தப்பா முறையாகும் ஒருத்தர் அப்படிப் பாடியவர். தபேலா கிடைத்தால் தபேலா, இல்லாவிட்டால் தண்ணிக் குடம், அதுவும் இல்லாவிட்டால் தீப்பெட்டி. செத்தவர் மூட்டை தூக்கியவரா, ரிக்‌ஷா ஓட்டியவரா, கட்டடத்தில் சித்தாளா என்று விசாரித்துக்கொண்டு அந்த வாழ்க்கையை அங்கேயே பாட்டாகக் கட்டுவார். விடியும்வரை கட்டுவார். அந்த ஆலாபனைக்கு என்ன பெயர்? மனோதர்மம் என்று சபாவில் சொல்கிறார்களே, அது இது இல்லையா?

விடிந்ததும் டீக்கடை ரேடியோவில் மங்கள இசை. நாதஸ்வரம், தவில். பிறகு பக்திப் பாட்டு. பிறகு கச்சேரி. அறிவிப்பாளர் ஒரு நெடும்பாட்டாக ஒப்பிப்பார்: பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார். ராகம் இன்னது, தாளம் இன்னது, இயற்றியவர் இன்னார். சித்தப்பா டீயை உறிஞ்சிக்கொண்டு கேட்பார். ஒருநாள் சொன்னார்: ‘இன்னா நைனா, நைட்டெல்லாம் நாம கத்துனது கத்தலு, காத்தால அவுரு பாடுறது பாட்டா?’ சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் செத்தபோது அவருடைய குரலில் ஒரு கேசட்கூட எங்களிடம் இல்லை.

கேசட் இல்லாதது தற்செயல் இல்லை. வானொலிக்கு ஒரு வடிகட்டி உண்டு. அதன் பெயர் ஆடிஷன். தேறியவருக்கு கிரேடு: பி, பி ஹை, ஏ, டாப். கிரேடைப் பொறுத்துத்தான் சன்மானம், கிரேடைப் பொறுத்துத்தான் நேரம். கர்நாடக இசைக்காரர் எத்தனை ராகம், எத்தனை கீர்த்தனை பாடம் என்று பட்டியல் கொடுக்க வேண்டும். எப்படித் தேர்வு செய்கிறீர்கள் என்று கேட்டால், ‘பாடகரின் பெயரை மறைத்துவிட்டு, எண் மட்டும் கொடுத்து ஒலிப்பதிவைக் கேட்கிறோம், இதில் சாதி எங்கே வந்தது?’ என்பார்கள். பெயரை மறைக்கலாம். குரலை மறைப்பது எப்படி? உச்சரிப்பை? விண்ணப்பப் படிவத்திலேயே கீர்த்தனைப் பட்டியல் கேட்டுவிட்ட பிறகு பெயரை மறைத்து என்ன ஆகப்போகிறது? வாசலில் நிறுத்த வேண்டியவர்களைப் படிவமே நிறுத்திவிடுகிறது. உள்ளே உட்கார்ந்திருக்கும் நீதிபதிகள் கண்ணைக் கட்டிக்கொண்டு நியாயம் வழங்குகிறார்கள்.

இந்தக் காது இயற்கையாக முளைத்ததல்ல, உத்தரவு போட்டு வளர்க்கப்பட்டது. 1938 ஜூன் 16ஆம் தேதி அகில இந்திய வானொலி சென்னையில் தொடங்கியது. 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை. நம் இசையின் கமகத்துக்கு அது ஒத்துவராதாம். தெருக்கூத்திலும் நாடகக் கொட்டகையிலும் ஏழை எளியவர் கையில் புழங்கிய பெட்டி அது. முப்பது வருஷம் வானொலிக்கு அது தீட்டாகவே இருந்தது, 1970களில்தான் தடை தளர்ந்தது. 1946இல் இடைக்கால அரசில் தகவல் ஒலிபரப்புத் துறை வல்லபாய் படேலிடம் வந்தது. அந்தரங்க வாழ்க்கை ஊரறிந்த அவதூறாக இருப்பவர்களை வானொலியில் பாட விடக்கூடாது என்று உத்தரவு. யாரைக் குறிவைத்து? தலைமுறை தலைமுறையாகப் பாட்டைக் காப்பாற்றிவைத்திருந்த தேவதாசிக் குலப் பெண்களையும் வடக்கே அதே நிலையில் இருந்த பெண்களையும். அவர்களின் பாட்டு வேண்டும், அவர்கள் வேண்டாம். பாட்டைக் ‘குடும்பப் பெண்கள்’ எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு வந்தார் பி.வி. கேஸ்கர். 1952 முதல் 1962 வரை அமைச்சர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுக்கிறது என்று அவருக்குக் கவலை. அவர் காலத்தில்தான் ஆடிஷன் முறை இறுகியது, சாஸ்திரிய சங்கீதத்தின் நேரம் பெருகியது, சினிமாப் பாட்டு வானொலியிலிருந்து ஏறத்தாழ காணாமலே போனது. ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மனு கொடுக்கவில்லை, மறியல் செய்யவில்லை. முள்ளைத் திருப்பினார்கள். இலங்கை வானொலி! மயில்வாகனனின் குரல் கடல்தாண்டி வந்து நம் தெருவில் குந்தியது. டெல்லியால் ஐந்து வருஷம்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது. 1957 அக்டோபரில் விவித்பாரதி பிறந்தது. இதை நாம் மறக்கக்கூடாது. நிகழ்ச்சித் தேர்வு என்பது நிபுணர்களின் ஞானம், பாமரன் தலையிடக் கூடாது என்று சொல்கிறவர்களின் ஞானத்தைப் பாமரன் ஒரு திருகாணியைத் திருகிக் கவிழ்த்திருக்கிறான்.

அப்புறம் தமிழிசை இயக்கம். 1941இல் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிவைத்தது, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். மேடையில் தெலுங்கே கோலோச்சியபோது தமிழில் பாடு என்று கேட்டது பெரிய கலகம்தான், மறுக்கவில்லை. பெரியாரும் ஆதரித்தார், ஆதரித்துக்கொண்டே பக்திப் பாட்டு எதற்கு என்றும் கேட்டார். ஆனால் அந்த இயக்கம் மாற்றச் சொன்னது பாட்டின் மொழியை. பாடுகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதை அது கேட்கவில்லை. விளைவு, வானொலியில் தமிழ்க் கீர்த்தனைக்கு இடம் கிடைத்தது. நந்தனார் சரித்திரப் பாட்டும் கிடைத்தது! நந்தன் உள்ளே போக அனுமதி கேட்டு அழுவதை எல்லாரும் உருகி உருகிப் பாடலாம். நந்தனின் பேரன் பறையோடு வந்தால் அவனை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று குழம்புவார்கள்.

தோலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மிருதங்கத்தின் முகத்தில் இருப்பது மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல். அதை வாங்கி, ஊறவைத்து, இழுத்து, வார் பிடித்து, சுருதி சேரும்வரை தட்டித் தட்டிப் பார்க்கிற கைகள் யாருடையவை? பெரும்பாலும் தலித் கிறித்தவக் குடும்பங்களின் கைகள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டு விழாவுக்கு அடையாறுப் பக்கத்துக் கலாக்ஷேத்ரா முதலில் அரங்கம் தருவதாகச் சொல்லிவிட்டுப் பிறகு அனுமதியை ரத்து செய்தது. அரசியல் வாடை அடிக்கிறதாம். தோல் வாடை என்று சொல்லக் கூச்சப்பட்டிருப்பார்கள். விழா தரமணியில் இதழியல் கல்லூரியில் நடந்தது.

அந்தத் தோல் மேடைக்குப் போனால் தேவ வாத்தியம். அதே மாட்டின் தோல் பறைக்குப் போனால் சாவு மேளம். மாடு ஒன்றுதான், தோல் ஒன்றுதான். பாட்டு இன்னார், மிருதங்கம் இன்னார் என்று நீட்டி முழக்குகிற அறிவிப்பில் மிருதங்கம் செய்தவர் இன்னார் என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று நொடி. அந்த மூன்று நொடி எண்பது வருஷத்துக்கு மேலாக யாருக்கும் தோன்றவில்லை.

‘கிராமிய இசைக்கு நேரம் கொடுக்கிறோமே, கொல்லங்குடி கருப்பாயி பாடவில்லையா, விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் பாடவில்லையா?’ என்பார்கள். பாடினார்கள். அந்தக் குரல்களுக்கு வணக்கம். ஆனால் ‘கிராமியம்’ என்கிற அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நாற்று நடுகிற பாட்டு, ஏற்றப் பாட்டு, தாலாட்டு, கும்மி. வேலை இருக்கிறது, கூலி இல்லை. வயல் இருக்கிறது, மிராசுதார் இல்லை. ஒப்பாரி உண்டு, செத்தவன் ஏன் செத்தான் என்பது கிடையாது. ஊரையும் சேரியையும் பிரிக்கிற கோட்டை அழித்துவிட்டு அப்படியே ஒரு பசுமையான ‘கிராமம்’ வரைந்து காட்டுகிறார்கள். நகரத்து நடுத்தர வர்க்கம் கேட்டு ‘அடடா, மண்வாசனை’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

கானாவுக்கு அந்த இடமும் இல்லை. அது சாஸ்திரியம் இல்லை, மெல்லிசை இல்லை, பக்தி இல்லை. சரி, கிராமியமா? எந்தக் கிராமம்? துறைமுகத்திலும், மில்லிலும், ரயில்வேயிலும், பிணக்கிடங்கிலும் வேலை பார்த்தவர்கள் சென்னைப் பட்டணத்துச் சேரிகளில் கட்டியது கானா. முழுக்க முழுக்க நகரத்து இசை. நகரத்துத் தலித்துக்கென்று ஒரு கலை இருக்கும் என்பதையே இவர்களின் படிவம் கற்பனை செய்யவில்லை. தலித் என்றால் கிராமம், கிராமம் என்றால் வயல், வயல் என்றால் குலவை. மயிலாப்பூருக்குள்ளேயே, நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒருத்தன் விடிய விடியப் பாடுகிறான் என்றால் அவனுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. சினிமா எடுத்துக்கொண்டது. தேவாவின் இசையில் வந்தது, ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் வந்தார், ‘அட்டகத்தி’யில் கானா பாலா வந்தார். அதற்குப் பிறகுதான் வானொலியும் போடுகிறது, சினிமாப் பாட்டு என்கிற பாஸ்போர்ட்டோடு! நேராக வந்தால் விசா இல்லை.

‘இளையராஜா பாட்டத்தான நாள் பூரா போடுறான், அப்புறம் என்ன சாதி?’ என்று நம்மிடமே சிலர் கேட்கிறார்கள். ராஜா பாட்டைப் போடாமல் இருக்க எவனாலும் முடியாது, அதனால் போடுகிறான். ஒருத்தர் மலையேறிவிட்டார் என்பதைக் காட்டி மலையே இல்லை என்று சொல்வது பழைய தந்திரம். 2025இல் பறை ஆசான் வேலுவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மகிழ்ச்சி. ஒருவரின் மார்பில் பதக்கம் குத்த ஒரு நாள் போதும். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஒதுக்க வேண்டுமென்றால்தான் கொள்கை முடிவு, கமிட்டி, டெல்லி ஒப்புதல்.

நம் பக்கத்து எதிர்ப்பையும் சொல்லியாக வேண்டும். பறை அடிமைச் சின்னம், அதை ஏன் வானொலிவரை கொண்டுபோகிறீர்கள், கிழித்துப் போடுங்கள் என்கிற தோழர்கள் உண்டு. சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று சொன்னதற்காக உதைபட்ட ஊர்கள் எத்தனை! அந்தக் கோபத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆதிக்கச் சாதிக்காரன் வீட்டுப் பிணத்துக்கு அடிக்காதே என்பதில் எனக்கு மாறுபாடே இல்லை. ஆனால் அடிமைத்தனம் தோலில் இல்லை, யார் கூப்பிட்டால் யார் போயாக வேண்டும் என்கிற கட்டாயத்தில் இருக்கிறது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையைக் கையில் எடுத்தபோதும், மதுரையில் தலித் கலைவிழாக்கள் நடந்தபோதும் அந்தக் கட்டாயம் உடைந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பெயர் சொல்லி, சன்மானம் வாங்கிக்கொண்டு, உட்கார நாற்காலி போட்டு ஒருத்தர் அடிப்பதும் அந்த உடைப்பின் தொடர்ச்சிதான்.

மாற்று மேடை கட்டிவிட்டோமே என்றும் கேட்கலாம். கட்டியிருக்கிறோம். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாடியபோது நான் கூட்டத்தில் நின்றேன். நீலம் பண்பாட்டு மையத்தின் ‘மார்கழியில் மக்களிசை’ சபாக்காரர்களின் மாதத்தையே பிடுங்கிக்கொண்டது. 2015இல் பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா நடத்திச் சங்கீதக்காரர்களைக் கடற்கரைக்குக் கூட்டிவந்தார்கள். (குப்பத்து மீனவ மக்கள் தலித்துகள் அல்லர், அது வேறு கணக்கு. ஆனால் சபாவுக்கு வெளியே நிற்பதில் நமக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.) எல்லாம் சரி. சங்கீதக்காரர் குப்பத்துக்கு வந்தால் அது விழா, பத்திரிகையில் படம். குப்பத்துக்காரர் காமராசர் சாலைக் கட்டடத்துக்குள் போவது எப்போது? நாம் மாற்று மேடை கட்டிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் பொதுமேடையைத் தங்கள் வீட்டுக் கூடமாக வைத்துக்கொள்வதை விட்டுவிட வேண்டுமா? 2016 ஜனவரியில் சாஸ்திரிய சங்கீதத்துக்கென்றே ‘ராகம்’ என்று 24 மணி நேர அலைவரிசை ஒன்றைத் திறந்தார்கள். இருபத்துநாலு மணி நேரம்!

இதற்கிடையில் பாடுகிற தெருவே காலியாகிறது. 2000க்குப் பிறகு நகரத்து நடுவிலிருந்த சேரிகளையும் குடிசைகளையும் பெயர்த்துக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அள்ளிக்கொண்டு போனார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில் இளங்கோ தெரு வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்துச் செத்தார். மயிலாப்பூர் கானாவின் பாட்டுக்காரர், தாளக்காரர், கேட்கிற கிழவி எல்லாரும் இப்போது ஆளுக்கொரு எட்டு மாடிப் பெட்டியில். சபாவில் பாடியவரின் குரல் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்தும் ‘பொக்கிஷம்’ என்று எடுத்துப் போடுவார்கள். எங்கள் கிழவர்கள் செத்தால் பாட்டும் அதோடு சேர்த்து எரிகிறது. இன்னும் பத்து வருஷம் தாமதித்தால் பதிவு செய்ய ஆளே இருக்கமாட்டார்கள்.

கெஞ்ச வேண்டியதில்லை. சட்டம் நம் கையில் இருக்கிறது. 1990இல் நிறைவேறி 1997இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டத்தின் 12ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். சமூக நீதியை வளர்ப்பது, தீண்டாமை போன்ற கொடுமைகளை எதிர்ப்பது, நலிந்த பிரிவினரின் நலனை முன்னெடுப்பது இந்த அமைப்பின் கடமைகளில் ஒன்று என்று அதில் எழுதியிருக்கிறது. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. பொதுக் குளம், பொதுக் கிணறு, பொதுச் சாலை என்று வரிசையாகப் போராடினோமே, இது பொது ஆகாயம். 2023இல் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்கிற பெயரை விட்டுவிட்டு ‘ஆகாசவாணி’ என்றே சொல்ல வேண்டும் என்று டெல்லி உத்தரவு போட்டபோது தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. நியாயம். பெயர் எந்த மொழியில் இருக்கிறது என்பதற்காக எழுந்த கோபத்தில் பாதியாவது, உள்ளே யார் பாடுகிறார் என்பதற்காகவும் எழ வேண்டாமா?

நாம் கேட்பது சலுகை நேரம் இல்லை. பறைக்கும் கானாவுக்கும் தனித்தனிப் பிரிவு வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அதை அடித்தும் பாடியும் வாழ்ந்தவர்கள் உட்கார வேண்டும். அவர்கள் காதுக்கு எது தரமோ அது தரம். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஒலிப்பதிவுக் குழு போக வேண்டும். இன்னொன்று: ஒவ்வொரு ஜனவரியும் திருவையாற்றுக்குப் போய்த் தியாகராஜ ஆராதனையை நேரடி ஒலிபரப்பு செய்கிறார்கள். பஞ்சரத்னம் பாடுவது நாடெங்கும் கேட்கிறது. நல்லது, செய்யட்டும். அடையாற்றங்கரையில், ராஜா அண்ணாமலைபுரத்தில் அம்பேத்கர் மணிமண்டபம் இருக்கிறது. ஏப்ரல் 14 அன்று அங்கே எத்தனை குழு, எத்தனை பறை, எத்தனை பாட்டு! நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். அங்கே ஒலிபரப்பு வண்டி வந்து நின்று, காலையிலிருந்து ராத்திரிவரை அந்தப் பாட்டை அப்படியே அனுப்பியதாக இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை.

சட்டக் கல்லூரி, மாநிலக் கல்லூரி, பச்சையப்பன் தோழர்களுக்கு ஒரு வேலை. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சென்னை நிலையத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். கட்டணம் பத்து ரூபாய். கடந்த பத்து ஆண்டுகளில் உள்ளூர் ஆடிஷன் குழுவில் இருந்தவர்கள் யார் யார். பறையிசைக்கும் கானாவுக்கும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எந்தப் பிரிவில் வைத்துக் கேட்டார்கள், எத்தனை பேர் தேறினார்கள். சாஸ்திரிய இசைக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கிராமிய இசைக்கு எத்தனை நிமிடம். ஒவ்வொன்றுக்கும் கொடுத்த சன்மானம் எவ்வளவு. முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஒருவர் எழுதினால் கோப்பில் போடுவார்கள், ஐம்பது பேர் தனித்தனியாக எழுதுங்கள். வருகிற பதிலை, ‘தகவல் இல்லை’ என்று வந்தால் அதையும், இந்தப் பத்திரிகை முகவரிக்கு நகல் எடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழில் அப்படியே அச்சிடுவோம்.